காற்றில்லாத அறை

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றவேயில்லை, மருந்து பொடிந்து மேஜைமேல் உதிர்ந்தது. மூன்றாவதை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே என் கணவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கேமராவைப் பார்த்து என்றால் என்னைப் பார்த்து என்றுதான் அர்த்தம். நான் அதற்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

"பரவால்ல. நிதானமா உரசுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டின் பின்பக்கத்து அறை. முன்பு உடைந்த நாற்காலிகளையும் யாருக்கும் வேண்டாத மெத்தையையும் போட்டுவைத்திருந்த இடம், இப்போது என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்று சொல்வது நான் மட்டும்தான். கணவருக்கும் மகளுக்கும் அது 'அம்மா ரூம்'. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். இத்தனூண்டு காற்று வந்தாலும் புகை கலைந்துவிடும், சுடர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கதவின் அடியிடுக்கில்கூட ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருந்தேன். இருவர் முதுகிலும் வியர்வை வழிந்தது. அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு பனியனோடு நின்றிருந்தார்.

பெரிய பொருளைச் சின்னதாகப் படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டடம், மலை, குடும்பம் எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நான் எடுப்பது சின்னப் பொருட்களை. திருகாணி, பொத்தான், மாத்திரை, கீல், மூக்குக்கண்ணாடியின் மூட்டு. விலைப்பட்டியல் புத்தகம் அச்சடிக்கிறவர்களுக்கு இவையெல்லாம் பக்கம் நிறைய வேண்டும். அச்சகத்தில் எனக்கு 'ஸ்க்ரூ மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். போனை வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள்.

இந்தத் தீக்குச்சியை என் தலையில் கட்டியவர் ஒரு பதிப்பகத்து அம்மா. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டும் என்றார். தீக்குச்சி பற்றிக்கொள்கிற நேரம். இதென்ன பிரமாதம் என்று நினைத்து அன்று சாயங்காலமே ஒன்றை எடுத்து அனுப்பினேன். நல்ல படம்தான். அடியில் நீலமும் மேலே மஞ்சளுமாகச் சுடர் குண்டாக நின்றது. மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டார்.

"அழகா இருக்கும்மா. ஆனா இது எரியற குச்சி."

இன்னொன்றை அனுப்பினேன். தீப்பெட்டியின் பட்டையில் குச்சி பதிந்திருக்கிறது, மருந்தின் நுனியில் லேசாகப் புகை தெரிகிறது. அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"இது எரியப்போற குச்சி. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது வேணும்."

"நடுவுல ஒண்ணும் இல்லீங்களே மேடம்."

"இருக்கும்மா. பாடமே அதப் பத்தித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. சோதனை செய்து பார்த்ததில், அந்த அம்மா சொன்னது சரிதான் என்று தெரிந்தது. நடுவில் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு அகப்படாத அளவுக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது. மருந்தின் ஒரு பக்கம் இன்னும் மருந்தாகவே இருக்க, மறு பக்கம் வெளுத்துச் சிதறத் தொடங்குகிற நேரம். கண் அதைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை விரலுக்குச் சொல்லி, விரல் பொத்தானை அழுத்துவதற்குள் சுடர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பஸ் கிளம்பிய பிறகு கை காட்டுகிறவர் மாதிரி நான் ஒவ்வொரு முறையும் நின்றேன். தொடர்ச்சியாகப் படபடவென்று எடுக்கலாம் என்றால், என் பழைய பிளாஷ் ஒரு முறை மின்னிவிட்டு மூச்சு வாங்கும். ஆகவே ஒரு குச்சிக்கு ஒரு படம்தான். வெளிச்சம் பட்டதும் தானே படம் எடுத்துக்கொள்கிற கருவி இருக்கிறதாம். வாடகைக்குக் கேட்டேன். அதை யாரோ மின்னலைப் படம் பிடிக்கக் கொண்டுபோயிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பற்றுவதற்கு முன்பே அழுத்திவிட வேண்டும். அதற்குக் குச்சியைப் பார்த்துப் பயனில்லை, குச்சி முன்கூட்டி எதையும் சொல்லாது. உரசுகிற கையைப் பார்க்க வேண்டும். கை சொல்லிவிடும்.

யார் கை என்பதுதான் பிரச்சினை. என் ஒரு கையால் உரசி மறு கையால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒன்றையொன்று பார்த்துக் குழம்பின. எங்கள் மகள் முயன்றாள். கல்லூரியில் படிக்கிற பெண், ஆனால் நெருப்பு என்றால் நடுங்குவாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உரசி, பற்றுவதற்குள் வீசிவிடுவாள். ஒரு குச்சி லென்ஸ்மேலேயே வந்து விழுந்தது. மிச்சம் இருந்தவர் என் கணவர்.

தீக்குச்சி கிழிப்பதில் எங்கள் வீட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இத்தனை வருடமும் அவர் வேலை பார்த்தது கட்டடங்களின் அடியில், லிஃப்ட் வந்து இறங்குகிற குழிகளில். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்துத் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்காருவார். மூன்று பக்கமும் சுவர், காற்றே வராது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். இடது கையில் தீப்பெட்டி. வலது கையில் குச்சியைப் பாதியில் பிடித்து, ஆள்காட்டி விரலை அதன் முதுகில் வைத்துக்கொள்வார். ஒரே இழுப்பு. மருந்து உரசுகிற நேரத்துக்கு அந்த விரல் தானாக விலகிவிடும். பற்றிய குச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் உதட்டிலிருக்கும் சிகரெட்டுக்குக் கொண்டுபோவார். அவர் குச்சி உடைந்தோ நமத்தோ நான் பார்த்ததில்லை. அந்த ஒரு காரியத்தை அவர் அழகாகச் செய்வார் என்று அந்த நாட்களில் நினைத்திருக்கிறேன். என்ன செய்ய, நினைத்தேன்.

போன வருடம் ஒரு காலை அவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக ஏதோ வைத்து அடைப்பைத் திறந்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "சார், இனிமே ஒரு சிகரெட் குடிச்சாலும், அடுத்த தடவை உங்கள இங்க கொண்டுவர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். மகள் கட்டில் பக்கத்தில் நின்று அழவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் மிச்ச சிகரெட்டுகளை அவர் கையாலேயே கழிவறையில் போடவைத்துத் தண்ணீரையும் ஊற்றவைத்தாள். "என் தலைமேல கை வெச்சு சொல்லுங்க" என்றாள். அவர் வைத்துச் சொன்னார்.

அதிலிருந்து அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தவர் அவர்தான். வேலையிலிருந்து வந்தால் சட்டையை முகர்ந்து பார்ப்பாள், பாக்கெட்டைத் துழாவுவாள். அவரும் கைகளைத் தூக்கிக்கொண்டு "செக் பண்ணிக்கோங்க இன்ஸ்பெக்டர்" என்று நிற்பார். எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மகள் தம்பட்டம் அடிப்பாள்: "எங்கப்பா ஒரே நாள்ல விட்டாரு, ஒரே நாள்ல." பெரியப்பா சித்தப்பாக்களெல்லாம் அவரைப் பார்த்து நெளிவார்கள். கம்பெனியிலும் நல்லவர்கள்தான். இனிமேல் குழியில் இறங்க வேண்டாம் என்று மேற்பார்வைக்கு மாற்றினார்கள். லிஃப்டிலேயே மேலே போய், மொட்டை மாடியிலிருக்கும் மிஷின் ரூமைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும். லேசான வேலை.

நான் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"அடுத்தது" என்றேன்.

தீப்பெட்டியை ஒரு இடுக்கியில் பொருத்தி மேஜையோடு முடுக்கியிருந்தேன். பட்டையில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பற்ற வேண்டும், அங்குதான் என் லென்ஸ் நிற்கிறது. அவருக்கு வலது கை மட்டும் போதும். இடது கைக்கு வேலை இல்லை, அதைத் தொங்கவிட்டிருந்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வலது கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கட்டைவிரலடியில் எப்போதோ கம்பி கிழித்த தழும்பு. ரேகைகளுக்குள் எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. கையில் முடி நரைத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு நரம்பு. கை எதையாவது செய்ய முடிவெடுத்தால், செய்வதற்குக் கொஞ்சம் முன்னால் அது எழும்புகிறது. கிடைத்தது என்று நினைத்தேன். அது எழும்பியதும் அழுத்திவிட வேண்டியதுதான்.

ஆனால் அது எழும்பியது, விரல்கள் தயங்கின, மறுபடி எழும்பியது, குச்சி உடைந்தது. அடுத்ததை வால்நுனியில் பிடித்து வெடுக்கென்று இழுத்தார், கோட்டைத் தாண்டிப் போய்ப் பற்றியது. அதற்கடுத்ததை பட்டைமேல் வைத்துத் தேய்த்துக்கொண்டேயிருந்தார், நான் அழுத்திய பிறகு நிதானமாகப் பற்றியது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. வெந்நீர் போடவே தெரியாதவர் அடுப்பங்கரையில் நிற்பதுபோல நின்றார்.

"கை மறந்துடுச்சு பாரேன்" என்றார். "அதுவும் நல்லதுக்குத்தான்."

"ம்" என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த குச்சிக்காகக் காத்திருந்தபோதுதான் போன மாதத்து மின்தடை நினைவுக்கு வந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். சமையலறை இருட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு உரசல் சத்தம், உடனே வெளிச்சம். அவர் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே குச்சி. அப்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

போன மாதம் மறக்காத கை இன்றைக்கு எப்படி மறக்கும்? சைக்கிள் ஓட்டியவர் சைக்கிளை மறப்பதில்லை. நிஜமாகவே விட்ட ஒருவர் குச்சியைக் கையில் கொடுத்தால், பழையபடியே சட்டென்று கிழித்துவிட்டு, 'பாத்தியா, இன்னும் மறக்கல' என்று சிரிப்பார். அவருக்குத் தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை. இவர் ஏன் நடிக்கிறார்?

முதலில் எனக்குப் பயமாக இருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தது நல்லதாகப் போயிற்று, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. போன வருடம் ஷூ லேஸோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்த முகம் கண்முன் வந்தது. வாயைத் திறந்து கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேட்டால் இல்லை என்பார். அவர் பொய் சொல்லி நான் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 'போதும், பிறகு பார்க்கலாம்' என்று சொல்லி விளக்கை அணைத்துவிடலாம். அதற்கும் மனசு வரவில்லை. எனக்குப் படமும் வேண்டியிருந்தது, அதை மறைப்பானேன். இவர் நடிக்கிறவரைக்கும் அந்தப் படம் வராது. பொய்யாக உரசுகிற கை எப்போது உரசும் என்று அந்தக் கைக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?

"இங்க பாருங்க" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க எப்பவும் உரசற மாதிரி உரசுங்க."

"எப்பவும்னா?"

"உங்களுக்கு எப்படி வருமோ அப்படி."

லென்ஸுக்குள் அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. குச்சியை ஒரு முறை சுழற்றின, நின்றன.

"உனக்கு இந்தப் படம் அவசியம் வேணுமா?"

"வேணும்."

"வேற யாரையாவது..."

"உங்க கைதான் வேணும்" என்றேன். "அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. என் முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு அவர் விரல்கள் குச்சியின் வால்நுனியை விட்டு மேலே ஏறின. பாதியில் பிடித்தன. ஆள்காட்டி விரல் அதன் முதுகில் போய்ப் படுத்தது. ஜன்னல் வழியாக நான் ஆயிரம் தடவை பார்த்த அதே பிடி. மணிக்கட்டில் நரம்பு எழும்பியது, இந்தமுறை தயங்கவில்லை. நான் அழுத்தினேன்.

பிளாஷ் மின்னியது. மருந்து வாசனை வந்தது. குச்சி அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கூசிப்போய்விட்டதால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"இருபது வருஷக் கை" என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே. "மறக்குமா? நீ சொன்னதும் தானா வந்துடுச்சு."

அதை நம்பிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக நம்பியிருப்பேன். இருபது வருடப் பழக்கம், அதைப் பார்த்து நாங்கள் பயந்துவிடுவோமோ என்று கூச்சப்பட்டு மறைத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கினேன்.

வந்திருந்தது. பதிப்பகத்து அம்மாவின் நடு. மருந்தின் கீழ்ப்பாதி இன்னும் கரடுமுரடான பழுப்பு, அதில் சின்னச் சின்னக் குழிகள்கூடத் தெரிந்தன. மேல்பாதி வெள்ளையாக வெடித்துப் பொறிகள் நாலாபக்கமும் கிளம்பியிருந்தன. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வால். நெருப்பு இன்னும் நெருப்பாகவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சந்தோஷப்படக்கூடச் செய்தேன், ஒரு நிமிடம்.

பிறகுதான் இடது ஓரத்தில் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தேன். மங்கலாக, வளைவாக, உள்ளிருந்து வெளிச்சம் பட்டது மாதிரி. அவருடைய இடது உள்ளங்கை. குச்சி உரசும்போதே அது தானாக எழுந்து வந்து குவிந்திருந்தது, நெருப்பு காற்றில் அணையாமல் மறைக்க. விசிறி நிறுத்திய அறையில். கதவிடுக்கில் துண்டு செருகிய அறையில்.

இருபது வருடமும் சுவர் சூழ்ந்த இடத்தில் உட்கார்ந்து குடித்தவர் ஒருநாளும் கையைக் குவித்ததில்லை. குழியிலும் காற்று கிடையாது. இந்தக் கை புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

அவர் வந்து என் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். புதினா வாசனை என் தோள்மேல் வந்தது. முதலில் நடுவிலிருந்த பொறிகளைப் பார்த்து "அடேயப்பா" என்றார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. அவரும் ஓரத்தைப் பார்த்துவிட்டார் என்று புரிந்தது.

"மிஷின் ரூம் பக்கம் காத்து ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

அவர் கறுப்புத் துணியின் ஓரத்தை விலக்கி வெளியே பார்ப்பதுபோல நின்றார்.

"ஜாஸ்திதான்" என்றார்.

பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பனியனில் வயிறு தெரிந்தது. நாங்கள் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு போட்டு இளைக்கவைத்த வயிறு.

"தினமும் இல்ல."

"நான் கேக்கலையே."

"வேணும்னு ஆரம்பிக்கல. மேல யாரும் இருக்க மாட்டாங்க. மோட்டார் சத்தம், காத்து, அவ்வளவுதான். கீழ நீங்க எல்லாரும் என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரி பாக்கறீங்க. பையைத் தூக்காத, படி ஏறாத, கோபப்படாத. சத்தமா தும்மினாக்கூட ரெண்டு பேரும் ஓடி வர்றீங்க. அங்க போனா நான் பழைய ஆளு."

"பழைய ஆளுக்குத்தான் நெஞ்சு அடைச்சுது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எரிந்து வளைந்துபோன குச்சியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார், அதைத் தரையில் போட்டால் நான் திட்டுவேன் என்பதுபோல. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்த நரைத்த கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நீங்க செத்துப்போயிடுவீங்களோன்னு எனக்கு பயமா இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான், இந்த ஒரு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னதேயில்லை என்று தெரிந்தது. உப்பைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன், இதை மட்டும் சொல்லவில்லை.

"எனக்கும்தான்" என்றார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வையும் மற்றதும் ஒன்றாகத்தான் வந்தன.

"அவகிட்ட நீங்கதான் சொல்லணும். அவ தலைமேல கை வெச்சது நீங்க."

"சொல்றேன்."

"எப்போ?"

அவர் எழுந்து வந்து மறுபடி திரையைப் பார்த்தார். என் கை மவுஸ்மேல் இருந்தது. அவர் படத்தைப் பார்க்கிறாரா, என் கையைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

"அந்த ஓரத்த வெட்டிடலாம்ல?" என்றார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "குச்சிதானே முக்கியம்."

"வெட்டலாம்" என்றேன்.

உண்மையிலேயே வெட்டலாம். அட்டைப்படத்துக்கு அந்த ஓரம் தேவையில்லை. சுட்டியை வைத்து ஒரு கோடு இழுத்தால் உள்ளங்கை போய்விடும், பொறிகளும் மருந்தும் மட்டும் மிஞ்சும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் பாடத்துக்குப் போவார்கள். இன்ஸ்பெக்டர் தம்பட்டம் அடிப்பதைத் தொடர்வாள். அவர் வாரத்துக்குச் சில முறை மேலே போய்க் காற்றுக்கு எதிராகக் கையைக் குவிப்பார். நான் கீழே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். சுட்டியைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகவும் செய்தேன்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. செருப்பு கழற்றும் சத்தம். "அம்மா, பசிக்குது" என்று கூவிக்கொண்டே மகள் கூடத்தைத் தாண்டி வந்தாள். கதவைத் தள்ளினாள், அடியில் துண்டு தடுத்தது, இன்னும் பலமாகத் தள்ளினாள். நான் மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஐயோ, என்ன புழுக்கம்" என்று உள்ளே வந்தவள் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தோள்பையைக் கழற்றாமலேயே கிட்டே வந்து குனிந்தாள். "கிடைச்சிடுச்சா? ஏம்மா, இது நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கு."

"யாரு உரசினது? அப்பாவா?" அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். "கலக்கிட்டீங்கப்பா."

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

மகள் படத்தின் ஒவ்வொரு பொறியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் இடது ஓரத்துக்கு வந்தது.

"இது என்ன, ஆரஞ்சா?"

"அப்பாவோட கை" என்றேன்.

"கையை எதுக்கு இப்படி மூடி வெச்சிருக்கீங்க? ஃபேன்கூட ஓடலையே."

வெளிச்சத்தைத் திருப்ப நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். என் தொழிலில் அப்படிச் செய்வது உண்டு. அவள் மறுபேச்சில்லாமல் நம்புவாள். அந்த வாக்கியம் முழுதாக என் வாயில் வந்து நின்றது. எனக்குப் பக்கத்தில் அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

மகள் திரையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பதிலுக்காகச் சும்மா பார்த்தாள், இன்னும் எதுவும் தோன்றவில்லை அவளுக்கு. பிறகு மூக்குத்தண்டில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தாமதமாகிவிடும். என் தோளருகே, நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரலடியில் தழும்பு, ரேகைக்குள் கறுப்பு, நரைத்த முடி. விரல்கள் ஒரு முறை இறுகின, தளர்ந்தன. மணிக்கட்டின் உள்பக்கம் அந்த நரம்பு மெல்ல எழும்பியது.